பழி போடுறதுக்கு முன்னால டயரைப் பாருங்க



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு வந்து, ஒரு தேத்தண்ணி ஊத்திக்கிட்டுப் பொறுமையா படிங்க. போன ஆடித் திருவிழா சமயத்தில் நம்ம கோயில் வாட்சப் குழுவில் இருந்தவங்களுக்கு விஷயம் பாதி தெரியும். மீதிப் பாதியைத்தான் இப்ப எழுதுறேன். அந்தத் தம்பியின் பெயர் இதில் வராது. அவன் ஓட்டுன மோட்டார் எந்தக் கம்பெனி என்பதும் வராது. ஏன்னு படிச்சா புரியும்.

திருவிழாவோட ரெண்டாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் காலையில பால்குடம். மாலையும் உதிரிப்பூவும் வாங்கிவரத் தம்பியைக் கிள்ளானுக்கு அனுப்பியிருந்தோம். 19 வயசுப் பையன். புஞ்சாக் ஆலம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. காலை ஷிப்ட் முடிஞ்சதும் வீட்டுக்குக்கூடப் போகாம நேரா கிள்ளான் போய், பூவை வாங்கி வண்டியில கட்டிக்கிட்டு, காப்பார், ஜெராம் வழியா வந்தான். அவ்வளவு தூரம் லாரிகளுக்கு நடுவுல பத்திரமா வந்தவன், மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்து ரோட்டில் திரும்பி, கோயிலுக்கு முன்னூறு மீட்டர் இருக்கும்போது பழைய ஆலைப் பக்கத்து வளைவில விழுந்தான். வேகம் இல்ல. எதிர்ல வண்டி இல்ல. அன்னிக்கு மழையும் இல்ல. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, முழங்கால்ல தோல் போச்சு. ஹெல்மெட் கொக்கி போட்டிருந்தான், தலை தப்பிச்சது. ரோடு பூரா செவ்வந்திப்பூ.

வண்டி நாலு மாசப் புது வண்டி. 125 சிசி கப்சாய். மாசம் 245 வெள்ளி தவணை.

நாங்க ஓடிப்போய்த் தூக்கினப்ப அவன் சொன்ன முதல் வார்த்தை, "பிரேக் ஜாம் ஆயிடுச்சு அங்கிள். கைய வச்சதும் முன் வீல் நின்னுடுச்சு. கம்பெனி பிரேக் சரியில்ல."

அவ்வளவுதான். அவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்பிட்டுத் திரும்பிப் பார்த்தா, ராத்திரி ஒன்பது மணிக்குள்ள குழுவில 200 மெசேஜ். அந்தக் கம்பெனி மோட்டாரே அப்படித்தான்னு ஒருத்தர். என் மச்சானுக்கும் இதே மாதிரி ஆச்சுன்னு இன்னொருத்தர். கேஸ் போடணும், வீடியோ எடுத்து வைரல் ஆக்கணும், ஷோரூம் முன்னால போய் நிக்கணும். நம்ம ஆளுங்களுக்கு அநியாயம்னா ஒண்ணு சேர்றதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. பந்தல் போட ஆள் கேட்டா மட்டும் நெட்வொர்க் கிடைக்காது.

கோயில் பக்கத்தைக் கவனிக்கிறது நான்தான். அதனால எழுதுற வேலை எங்கிட்ட வந்துச்சு. எழுதினேன். கம்பெனி பெயர், மாடல், கடை பெயர் எல்லாம் போட்டு, ரத்தம் கொதிக்கிற மாதிரி ஒரு பதிவு. கோயில் பணிக்கு வந்த ஏழைப் பிள்ளையின் கையை உடைத்த நிறுவனமே, பதில் சொல், அப்படின்னு ஆரம்பம். உண்மையைச் சொன்னா எழுதி முடிச்சதும் எனக்கே பெருமையா இருந்துச்சு. அனுப்புறதுக்கு முன்னால வீட்டுக்காரம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவங்க மறுநாளுக்கு மஞ்சள் துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. முழுசா கேட்டுட்டு, தலை நிமிராம ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஏங்க, அந்த ஸ்டாண்டு ஸ்பிரிங்கு ஞாபகம் இருக்கா?"

இதை இங்க சொல்லித்தான் ஆகணும். 1999-ல் எங்களுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாசம். பத்தாங் பெர்ஜுந்தாயில பாசார் மாலாமுக்குப் போயிட்டுத் திரும்புறோம். அப்ப பெஸ்தாரி ஜெயாங்கிற பேரெல்லாம் வரல. மோட்டாரை எடுத்தேன், சைடு ஸ்டாண்டை ஏத்த மறந்துட்டேன். நேரா போற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. இடது பக்கம் வளைச்சதும் ஸ்டாண்டு தார்ல குத்தி, வண்டி எகிறி, பின்னால உக்காந்திருந்த அவங்க ரோட்டில விழுந்தாங்க. முழங்கையில ஏழு தையல். தழும்பு இன்னும் இருக்கு. மாமனார் வந்து கேட்டப்ப நான் என்ன சொன்னேன்? ஸ்டாண்டு ஸ்பிரிங் லூசு மாமா, கம்பெனியிலேயே அப்படித்தான் செஞ்சிருக்கான். ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் எத்தனை விருந்து, எத்தனை கருமாதி வீடு, எத்தனை தடவை அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! அவங்க பக்கத்திலேயே இருந்து கேட்டிருக்காங்க. ஒரு நாளும் மறுத்துப் பேசல. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

அந்தப் பதிவை அன்னிக்கு ராத்திரி அனுப்பல.

திங்கட்கிழமை பிட்டர் மாமாவைப் பார்க்கப் போனேன். நம்ம வட்டாரத்துல அவரைத் தெரியாதவங்க குறைவு. தோட்டத்துப் பட்டறையில முப்பது வருஷத்துக்கு மேல பிட்டர். டிராக்டர், லாரி, துரை காரு எல்லாம் அவர் கைதான். இப்ப எழுபதைத் தாண்டியும் கண்ணாடி இல்லாம ஸ்பார்க் பிளக் பார்ப்பார். விஷயத்தைச் சொன்னேன். ஒரே கேள்வி கேட்டார்: "வண்டியப் பார்த்தியா?"

பார்க்கல. 200 மெசேஜ் போட்டவங்கள்ல ஒருத்தரும் பார்க்கல.

தம்பி வீட்டுக்குப் போனோம். அங்க முதல் அதிர்ச்சி, வண்டியைக் கழுவித் துடைச்சு வச்சிருக்காங்க. கூட்டாளிங்க பாசத்துல செஞ்சது. வளைஞ்ச ஹேண்டிலையும் நிமித்தி, உடைஞ்ச லீவரையும் மாத்தியாச்சு. மாமாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணும். "கேஸ் போடப் போறேன்னு சொல்றீங்க, சாட்சியச் சோப்புப் போட்டுக் கழுவிட்டீங்களேடா!"

அப்புறம் குந்தி உக்காந்து முன் டயரைத் தொட்டார். நகத்தால அழுத்தினார். நகம் இறங்கல. எங்கிட்ட போன் வெளிச்சம் காட்டச் சொல்லி, டயர் பக்கவாட்டுல ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள இருந்த நாலு எண்ணைப் படிக்கச் சொன்னார். 1416. அப்படின்னா 2016-ம் வருஷம் 14-வது வாரம் செஞ்ச டயர். முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எனக்கு இந்த வயசுல அன்னிக்குத்தான் தெரியும். நாலு மாசப் புது வண்டியில அத்தனை வருஷப் பழைய டயர் எப்படி வந்துச்சு?

செயின் கவர்ல கம்பெனி ஒட்டின ஸ்டிக்கர்ல முன் டயர் 70/90-17னு இருக்கு. வண்டியில இருந்தது 60/80-17. தம்பி கட்டுப்போட்ட கையோட வாசல்ல நின்னுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சான். கூட்டாளிங்க எல்லாரும் சின்ன டயர் போட்டிருக்காங்க, பார்க்க அழகா இருக்கும்னு ஒரு கடையில 35 வெள்ளிக்குப் பழைய டயர் வாங்கி மாட்டியிருக்கான். கம்பெனி டயர் வீட்டுக்குப் பின்னால கோழிக்கூண்டு மேல கிடந்துச்சு, தகரம் பறக்காம இருக்க.

மாமா அவனைத் திட்டல. உக்கார வச்சு விளக்கினார். பிரேக்குக்குத் தன்னால வண்டியை நிறுத்தத் தெரியாது. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துறது டயரும் ரோடும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிற பிடி. அந்தப் பிடிக்கு மேல பிரேக் அழுத்தினா சக்கரம் நின்னுடும், வண்டி வழுக்கிக்கிட்டுப் போகும். முன் சக்கரம் நின்னா ஹேண்டில் நம்ம பேச்சைக் கேக்காது. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள கீழ கிடப்போம். ரப்பர் பழசாக ஆக இறுகிப்போகும், அகலம் குறைஞ்சாப் பிடியும் குறையும். "பிரேக் ஜாம் ஆகலடா தம்பி. பிரேக் நல்லா வேலை செஞ்சிருக்கு. உன் டயருதான் வேலை செய்யல."

இதோட கதை முடிஞ்சிருந்தா, இளைஞர்களே திருந்துங்கள்னு ஒரு பதிவு போட்டுட்டு நானும் போயிருப்பேன். நிறைய பேர் அப்படித்தான் எழுதுறாங்க. ஆனா மாமா சக்கரத்தைத் தூக்கிச் சுத்திவிட்டுக் காதை வச்சுக் கேட்டார். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடத்துல 'சர்'ருனு உரசல். டிஸ்க் தட்டு கொஞ்சம் வளைஞ்சிருக்கு. விழுந்ததுல வளைஞ்சதா, முன்னாலேயே இருந்ததா? சொல்ல முடியாதுன்னார். தம்பி அப்பத்தான் சொன்னான், முதல் சர்வீசுக்குப் போனப்பவே முன் பிரேக் விட்டு விட்டுப் பிடிக்குதுன்னு கடையில சொன்னானாம். சர்வீஸ் அட்டையை எடுத்துட்டு வந்தான். அவன் சொன்னதைக் கடைக்காரர் அட்டையில எழுதியிருக்கார். பக்கத்துல 'ஓகே'னு போட்டுக் கையெழுத்தும் இருக்கு. டயர் மாத்தினது அந்த சர்வீசுக்கு மூணு வாரம் கழிச்சு. ஆக, கம்பெனி டயர் இருந்தப்பவே பிரேக்கில ஏதோ இருந்திருக்கு.

மாமாவும் அதை ஒத்துக்கிட்டார். "சரி, அவங்களுக்கும் பங்கு இருக்கு."

திரும்பி வர்றப்ப அந்த வளைவுல வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நடந்தார். நானும் நடந்தேன். மத்த இடமெல்லாம் காஞ்ச தார். அந்த இடத்துல மட்டும் ரோட்டுக்குக் குறுக்கே கறுப்பா ஒரு பட்டை, விரலால தொட்டா வழவழன்னு இருக்கு. எங்கிருந்து வருதுன்னு பார்த்துக்கிட்டே போனா, கால்வாய்ல செம்பனை மட்டையும் பிளாஸ்டிக் பையும் அடைச்சு, தண்ணி பொங்கி ரோட்டுக்கு வந்திருக்கு. அந்தக் கால்வாய் கோயில் சமையல் கொட்டகைக்குப் பின்னால ஆரம்பிக்குது.

வெள்ளிக்கிழமை ராத்திரியும் சனிக்கிழமை மத்தியானமும் அன்னதானத்து அண்டா எல்லாம் கழுவின தண்ணி. எண்ணெய், சாம்பார், சோப்பு. அன்னதானப் பாத்திரம் கழுவுற பகுதிக்குப் பொறுப்பு யாருன்னு கேக்கிறீங்களா? நான்தான். அந்தக் கால்வாயை முதல் நாளே வெட்டிவிடணும்னு பட்டியல்ல என் கையாலேயே எழுதி, டிக் போடாம விட்டிருக்கேன்.

ரோட்டோரமா கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். சனிக்கிழமை ராத்திரி நான் எழுதின அந்தப் பதிவுல எவ்வளவு ஆவேசம்! கம்பெனி மேல பழி போட்டா ஒரு பெரிய வசதி இருக்கு. நமக்குச் செலவே இல்ல. டயர் வித்த கடைக்காரர் நம்ம ஆளு, அவரைக் கேக்க வேண்டாம். டயர் மாத்தின பையன் நம்ம பிள்ளை, அவனைக் கண்டிக்க வேண்டாம். கால்வாயை வெட்டாதவன் நான், என்னை ஒருத்தரும் கேக்கப் போறதில்ல. கம்பெனி எங்கேயோ கண்ணாடிக் கட்டடத்துல இருக்கு. நம்ம திட்டு அங்க போய்ச் சேராது. திட்டி முடிச்சுட்டு எல்லாரும் நிம்மதியா தூங்கலாம்.

அதுக்காகக் கம்பெனி பக்கம் தப்பே கிடையாதுன்னு நான் சொல்ல வரல. இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்கிற ஆய்வாளர் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் ஓர் அறிக்கை கொடுத்தாங்க. வண்டிக் கோளாறால் நடந்தது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அதிலும் பெரும்பாலானவை டயர் பஞ்சர். வேறு வண்டி சம்பந்தமில்லாமல் தனியாக விழுந்த விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டியவரின் தவறு. பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்தி வழுக்கினது, வளைவுல வேகமா போய் அகலமா விலகினது, இந்த மாதிரி. அது பெரிய மோட்டார் ஓடுற ஊர், பழைய ஆய்வு, நம்ம செம்பனை லாரி ரோட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனா விழுந்த உடனே நம்ம வாய்ல வர்ற முதல் வார்த்தை கம்பெனியா இருக்கே, அதைக் கொஞ்சம் யோசிக்க வைக்குது.

இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1960-கள் வரைக்கும் அமெரிக்கக் கார் கம்பெனிகள் எல்லா விபத்துக்கும் ஓட்டுநரையே கை காட்டிக்கிட்டு இருந்தாங்க. ரால்ஃப் நேடர் 1965-ல் ஒரு புத்தகம் எழுதி, காரின் வடிவமைப்பிலேயே ஆபத்து இருக்குன்னு காட்டினார். அடுத்த வருஷமே வாகனப் பாதுகாப்புக்கு அங்க தேசியச் சட்டம் வந்துச்சு. ஓட்டுறவன் மேலயே பழியைப் போட்டுத் தப்பிக்கிறது கம்பெனிகளுக்கும் ரொம்ப நாள் வசதியா இருந்த வழிதான்.

நம்ம நாட்டிலேயே பாருங்க. மலேசியாவில் ரோட்டில் சாகிறவங்கள்ல பத்தில் ஆறு பேருக்கு மேல மோட்டார்க்காரங்க. ஹெல்மெட் சட்டம் வந்தது 1973-ல். 1992-ல் பகல்லயும் மோட்டார் விளக்கு எரியணும்னு சட்டம் வந்துச்சு. அப்ப நான் பள்ளிக்கூடப் பையன், பட்டப்பகல்ல எதுக்குடா விளக்குன்னு பெரியவங்க சிரிச்சது ஞாபகம் இருக்கு. எதிர்ல வர்றவன் கண்ணுக்கு மோட்டார் தெரியாம நடக்கிற விபத்துகளை அது நல்லாவே குறைச்சதுன்னு ஆய்வு பண்ணிச் சொன்னாங்க. ஆனா சுவிட்ச் நம்ம கையில இருந்த வரைக்கும் மறந்துக்கிட்டேதான் இருந்தோம். இப்ப வர்ற புது மோட்டார்கள்ல பெரும்பாலும் அந்த சுவிட்சே கிடையாது. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணினா விளக்கு தானா எரியும். மனுஷன் மறப்பான்னு தெரிஞ்சு வண்டியைச் செய்யறது கம்பெனியோட பொறுப்பு.

என் ஸ்டாண்டுக் கதையும் அப்படித்தான். ஸ்பிரிங் லூசுன்னு சொன்னது பொய். ஆனா ஸ்டாண்டு இறங்கியிருந்தா கியர் போட்டதும் எஞ்சினை அணைக்கிற சுவிட்ச் இப்ப எத்தனையோ வண்டிகள்ல இருக்கு. என் வண்டியில அது இல்ல. இருந்திருந்தா நான் மறந்திருந்தாலும் அவங்க விழுந்திருக்க மாட்டாங்க. பொய்யா ஒரு புகாரைச் சொல்லி, உண்மையா கேட்டிருக்க வேண்டியதை நான் கேக்காமலே விட்டுட்டேன். ஏபிஎஸ் விஷயமும் இதே மாதிரிதான். 2025 ஜனவரியில இருந்து 150 சிசியும் அதுக்கு மேலயும் உள்ள புது மாடல்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம்னு அரசாங்கம் அறிவிச்சுச்சு. சக்கரம் நின்னுபோகாம காப்பாத்துற கருவி அது. நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க ஓட்டுறது எல்லாம் அதுக்குக் கீழ உள்ள கப்சாய். ஏழை ஓட்டுற வண்டிக்கு எப்ப வரும்? சத்தம் போடணும்னா இதுக்குப் போடலாம்.

உண்மையிலேயே கம்பெனி தப்பு பண்ணினா அதுக்கும் ஒரு முறை இருக்கு. 2021 மே மாசம் ராயல் என்பீல்டு, நம்ம சென்னைக் கம்பெனி, இக்னிஷன் காயிலில் குறைன்னு 2,36,966 மோட்டார்களைத் திரும்ப அழைச்சாங்க. அதில் மலேசியாவில் வித்த வண்டியும் சேர்த்தி. வழக்கமான சோதனையில அவங்களே கண்டுபிடிச்சு அறிவிச்சது. கம்பெனி பங்கு கம்பெனிக்கு, அதை யாரும் மறைக்க முடியாது.

நம்ம தம்பி விஷயத்துல அந்தப் பங்கை எப்படிக் கேட்டோம்? சர்வீஸ் அட்டை, ரசீது, டிஸ்க் உரசுற வீடியோ, கழற்றி வச்ச கம்பெனி டயர், எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நானும் மாமாவும் கடைக்குப் போனோம். சின்ன டயர் போட்டதை மறைக்கல. முதல்லயே சொல்லிட்டோம். கடைக்காரர் உடனே, டயர் மாத்தினா வாரண்டி கிடையாதுன்னார். மாமா அமைதியா, "பிரேக் புகார் தேதி எது, டயர் மாத்தின தேதி எது, பாருங்க"ன்னு அட்டையை நகர்த்தினார். வாரண்டி கொடுக்கலைன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவோம்னு நான் சொன்னேன். பத்து நாள் கழிச்சு டிஸ்க்கையும் பிரேக் கட்டையையும் இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. கைக்கு ஒண்ணும் கொடுக்கல. அதை நாங்க கேக்கவும் இல்ல.

அந்தத் தீர்ப்பாயத்தைப் பத்தி நிறைய பேருக்குத் தெரியல, அதனால எழுதுறேன். மலாயில் டிரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. 1999-ம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. வாங்கின பொருள் சரியில்லைன்னா 50,000 வெள்ளி வரைக்கும் அங்க கோரிக்கை வைக்கலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவா வக்கீல் வேண்டாம், வச்சுக்கவும் முடியாது. மூணு வருஷத்துக்குள்ள போகணும். ஆனா உடம்புல பட்ட காயத்துக்கோ உயிரிழப்புக்கோ அங்க நஷ்டஈடு கேக்க முடியாது, அதுக்குக் கோர்ட்டுதான். கோர்ட்டுல பொருள் உற்பத்தியில குறை இருந்துச்சுன்னு நிரூபிச்சா கம்பெனி பொறுப்பேத்துக்கணும்னு அதே சட்டத்துல இருக்கு. அந்தக் குறை வண்டி கடையை விட்டு வந்தப்பவே இருந்துச்சா, நாம பிறகு உண்டாக்கினதான்னு அங்க கேள்வி வரும். நம்ம பக்கமும் தப்பு இருந்தா அந்தப் பங்கைக் கழிச்சுத்தான் தீர்ப்பு. 1956-ம் வருஷத்துச் சிவில் சட்டமே அப்படித்தான் சொல்லுது. சனிக்கிழமை ராத்திரி நான் அந்தப் பதிவைப் போட்டு, கம்பெனி வக்கீல் வந்து அந்த 1416-ஐக் காட்டியிருந்தா, நம்ம கோயில் மானம் என்ன ஆகியிருக்கும்? உண்மையா இருந்த டிஸ்க் புகாரும் அதோட சேர்ந்து அடிபட்டுப் போயிருக்கும்.

அடுத்தது கோயில் கமிட்டி. இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமான பகுதி.

தம்பிக்கு ஆறு வாரம் வேலைக்குப் போக முடியல. அவன் வாங்கின சம்பளத்துல பாதி ஓவர்டைம். வேலைக்குப் போற வழியிலயோ, வேலை முடிஞ்சு நேரா வீட்டுக்கு வர்ற வழியிலயோ விழுந்திருந்தா சொக்சோ பார்த்திருக்கும். அவன் கிள்ளானுக்குப் போனது கோயில் வேலையா. அதனால அந்த வழியும் இல்ல. அம்மா தனி ஆளு, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில வேலை. ரெண்டு மாசத் தவணை நின்னா வண்டியை இழுத்துட்டுப் போயிடுவாங்க. தோட்டம் மூடி, நம்ம சனங்க இந்தக் குறைந்த விலை வீடுகளுக்கு வந்த பிறகு மோட்டார் இல்லாம இங்க வேலைக்குப் போக முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டா அடுத்தது எப்ப வரும்னு டிரைவருக்கே தெரியாது.

கூட்டத்துல ஒருத்தர், அவன் கம்பெனி மேல கேஸ் போடட்டும், கோயில் பணம் உபயகாரங்க பணம்னார். இன்னொருத்தர், சின்ன டயர் போட்டவன் அவன், நாம ஏன் கொடுக்கணும்னார். பாருங்க, ரெண்டு பேரும் நேர் எதிரா பேசுறாங்க, ஆனா ரெண்டு பேச்சும் வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான். பணம் கொடுக்க வேண்டாம்.

நான் எழுந்து கால்வாய் விஷயத்தைச் சொன்னேன். பட்டியலையும் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசல. கோபத்தோட பார்த்தவங்களும் உண்டு, இதையெல்லாம் ஏன் வெளிய சொல்றீங்கன்னு. கடைசியில உண்டியல் பணத்தைத் தொடாம, அன்னதானக் குழுவில இருந்த நாங்க ஆறு பேர் சேர்ந்து அவன் ரெண்டு மாசத் தவணை 490 வெள்ளியைக் கட்டினோம். என் பங்கு 200. புது டயர் தம்பி காசுல, அதுல மாமா கண்டிப்பா இருந்தார். கோழிக்கூண்டு மேல கிடந்த டயர் நல்லாத்தான் இருக்குன்னு அவன் சொன்னான். வெயில்ல வெந்தது வேண்டாம்னு சொல்லிட்டார். டயர் வித்த கடைக்காரரிடமும் போய்ப் பேசினேன். இனிமே பழைய டயர் விக்க மாட்டேன்னு சொன்னார். சொன்னார், அவ்வளவுதான், விக்கிறாரா இல்லையான்னு நான் போய்ப் பார்க்கல.

தம்பி அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கப் போனேன். அவங்க கேட்டது ஒண்ணுதான்: "அவன் பேரை மட்டும் பேஸ்புக்ல போட்டுடாதீங்கண்ணே. கல்யாணம் பண்ற வயசு வரும்."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரம்மாகிட்டயும் ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னேன். தெரியும்ன்னாங்க. மாமனார் போய் ஒம்பது வருஷம் ஆச்சு, அவர்கிட்டச் சொல்ல வழியில்ல. "அப்பாவுக்கும் தெரியும்"ன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வர்ற ஞாயிற்றுக்கிழமையில இருந்து ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிறு காலை 8 மணிக்குப் பிட்டர் மாமா கோயில் முன்னால, அரசமரத்தடியில உக்காருவார். மோட்டாரைக் கொண்டு வாங்க. டயர் தேதி, டயர் அளவு, முன் பிரேக், பின் பிரேக், செயின் இழுவை, சைடு ஸ்டாண்டு, விளக்கு எல்லாம் பார்த்துச் சொல்வார். காசு கிடையாது. சர்வீஸ் அட்டையையும் ரசீதுகளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டு எடுத்துட்டு வாங்க. உறை இல்லாதவங்களுக்கு நாங்க தர்றோம். ஹெல்மெட்டுல சிரிம் ஸ்டிக்கர் இருக்கா, கொக்கி பூட்டுதான்னு தம்பி பார்ப்பான். கை நல்லா ஆயிடுச்சு, வெயிட்டு மட்டும் இன்னும் தூக்க மாட்டான். யாராவது விழுந்துட்டா, கடவுளே அப்படி ஆகக்கூடாது, ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு வண்டியைப் படம் எடுங்க, ரோட்டையும் படம் எடுங்க. தயவுசெய்து கழுவிடாதீங்க.

அதுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை 5 மணிக்குக் கால்வாய் வெட்டுறோம். மண்வெட்டி மூணுதான் இருக்கு. வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு கொண்டு வந்தா நல்லது.